முழுச் சம்மதம்

என்னங்க,

உங்கள் அக்கா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தீர்களா? போர்வையை விட்டுவிட்டுப் போயிருக்கிறீர்கள். கோபமாகப் போனீர்களா, சும்மாதான் போனீர்களா என்று எனக்குப் பிடிபடவே இல்லை.

லேப் வேலையை விட்ட கதையைப் பத்திரிகைக்கு அனுப்பியதும் ஆசிரியர் போன் செய்தார். "மேடம், எதையுமே அடிச்சுச் சொல்ல மாட்டேங்கறீங்களே. வரிக்கு வரி 'இருக்கலாம்'னு எழுதினா படிக்கிறவங்களுக்குத் தலை சுத்தும்."

பூஞ்சைகளைப் பற்றிய ஆய்வுக் கட்டுரைகளை இத்தனை வருடம் அப்படித்தான் எழுதினேன். அப்படி எழுதாவிட்டால் லேபில் வறுத்தெடுத்துவிடுவார்கள். சரி, இனிப் பிழைப்பு இதுதானே என்று எல்லா 'இருக்கலாம்'களையும் ஒரே மூச்சில் எடுத்துவிட்டேன். 'என் கணவருக்கு இதில் சம்மதம் இருக்கலாம்' என்ற வரி, 'என் கணவருக்கு இதில் முழுச் சம்மதம்' என்று ஆனது. அப்படியே அச்சாகியும் விட்டது.

நீங்கள் படித்தீர்கள். "நல்லா எழுதியிருக்கே" என்றீர்கள். பத்திரிகையை மடித்து மேசையில் வைத்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டீர்கள். இதை வைத்து நான் என்ன முடிவுக்கு வருவது? கோபம் வேலையை விட்டதற்கா, கேட்காமல் விட்டதற்கா, பக்கத்து வீட்டுக்காரர் கதையைப் படித்துவிட்டு வந்து உங்கள் பெருந்தன்மையைப் பாராட்டியதற்கா? ஒரு மண்ணும் விளங்கவில்லை.

பூஞ்சையிடம் வாய்விட்டுக் கேட்க முடியாது. பார்த்துப் பார்த்துத்தான் ஊகிக்க வேண்டும். உங்களையும் அப்படியே பார்த்துக்கொண்டு இருந்துவிட்டேன் போலிருக்கிறது.

இப்போது கேட்கிறேன். உங்களுக்குச் சம்மதமா?

'இருக்கலாம்' என்று பதில் வந்தாலே எனக்குப் போதும்.

இப்படிக்கு,
இன்னமும் லேப் கோட்டைத் துவைத்து மடித்து வைக்கும்
உங்கள் வீட்டுக்காரி