கற்பூரம் அடித்த தேதி

வாடிப்பட்டி
14.11.1974

அன்புள்ள மாப்ள வெள்ளைத்துரைக்கு,

தவசி எழுதுவது. நானும் பாண்டியம்மாளும் மகள் அன்னக்கொடியும் நலம். மலையில் குளிர் தொடங்கியிருக்கும். உன் மூட்டுவலி எப்படி இருக்கிறது? இங்கே மழை இல்லை. கிணற்றை நம்பி அரை ஏக்கர் நட்டிருக்கிறோம்.

உன் தபால் கிடைத்தது. பர்மா எல்லை மலையில் நம் பட்டாளம் காலி செய்த ஊர்க்காரர்கள் வழக்குப் போட்டிருக்கிறார்கள், அவர்களாகவே விரும்பி வந்தார்கள் என்று நான் கையெழுத்திட வேண்டும் என்கிறாய்.

அங்கே பட்டாளக் கிடங்கு குமாஸ்தாவாக எட்டு வருஷம் இருந்து அவர்கள் பேச்சைக் கற்றவன் என்பதால்தான் அதிகாரியாகப் போன நீ அன்று என்னையும் அழைத்துப் போனாய். தனிநாடு கேட்கிறவர்களுக்கு இவர்கள் சோறு போடுகிறார்கள், ஆறு மாதம் சாலையோர முகாமில் இருந்துவிட்டுத் திரும்பட்டும் என்றாய். ஊர்த்தலைவர் லால்தங்கா நம்பவில்லை. "நம்மூரு மாதிரி கற்பூரத்த அடிச்சுச் சத்தியம் பண்ணிரு மாப்ள" என்றதும் நீதான்.

வீட்டிலிருந்து பூஜைக்கு வந்த கற்பூரத்தை ஏற்றி உள்ளங்கையால் அடித்து அணைத்தேன். பொய்யானால் என் பிள்ளை விளங்காது என்று அவர் பாஷையில் சொன்னேன். பைபிள் படிக்கிற மனிதர். கை சுட்டிருக்கிறதா என்று பிடித்துப் பார்த்தார். விதைநெல்லைக்கூட வீட்டிலேயே விட்டு வந்தார்கள். நான்காம் நாள் பட்டாளம் ஊரை எரித்தது. மேலிடம் நம்மை ஏமாற்றிவிட்டது என்று அழுதாய். நானும் சேர்ந்து அழுதேன்.

அவசரத்தில் நீ அனுப்பிய தாள்களோடு, ஊரை எரிக்கச் சொன்ன உத்தரவின் நகலும் வந்துவிட்டது. பெற்றுக்கொண்டதாக உன் கையெழுத்து. தேதி அந்த வருஷம் மார்ச் 3. நான் கற்பூரம் அடித்தது மார்ச் 9.

பாண்டியம்மாளுக்கு வாசித்துக் காட்டினேன். "உங்க மாப்ளைக்கு எம்புட்டுத் தைரியம்! அவுக பிள்ளைய வச்சுச் சத்தியம் பண்ண வேண்டியதுதான?" என்றாள். அன்னக்கொடி உள்ளே உலை வைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு எதுவும் தெரியாது.

தை பிறந்ததும் உன் மகனுக்கு அவளைப் பரிசம் போடுவதாகப் பேசியிருந்தோம். வழக்கு மார்கழியில் வருகிறது. நீ கேட்ட தாளைக் கையெழுத்தில்லாமல் இத்துடன் திருப்பியிருக்கிறேன். உத்தரவின் நகலை மட்டும் வைத்துக்கொண்டேன். அதை அவர்கள் வக்கீலுக்கு அனுப்ப உறைமேல் விலாசம் எழுதியாகிவிட்டது. கார்த்திகை முடிய அது என் பெட்டியில் இருக்கும்.

அதற்குள் நீயே போய் அவர்கள் வக்கீலிடம் உண்மையைச் சொல்லிவிடு மாப்ள. சொல்லிவிட்டுப் பரிசத்துக்கு வா. உன் மகன் நன்றாக இருக்கட்டும். என் மகளும் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
தவசி