வாசல் சரிவும் ஆயில் குச்சியும்

அன்புள்ள பெரியவனுக்கு, அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம், அப்பாவுக்கு முழங்கால் வலி மட்டும் விடவில்லை. நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள். போனில் சொன்னால் நடுவில் பேசுவாய், அதனால்தான் எழுதுகிறேன். கார் விஷயம் தெரிந்துவிட்டது. அன்றைக்கு வாசலில் இருந்தவர்கள் அப்பா, உன் தங்கை, நெட்டை மெக்கானிக், எதிர்வீட்டு டெய்லர், நான், போனுக்குள் நீ. டெய்லர் என்றால் நம் தலையணை உறையெல்லாம் குட்டையாகத் தைத்தாரே, அவர்தான். இஞ்சினில் அளவு பார்க்கிற குச்சியில் ஆயில் குறைந்துகொண்டே இருக்கிறது, ஊற்றி மாளவில்லை என்று அப்பா சொன்னார். கைக்குழந்தைக்குப் பால் புகட்டுவது போல அப்பா காருக்குப் புகட்டுகிறார் என்று டெய்லர் சிரித்தார். அடியில் சொட்டு ஒழுகவில்லை, பின்னால் நீலப் புகை வருகிறது, இஞ்சினுக்குள் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம், பிரித்தால்தான் தெரியும் என்றார் மெக்கானிக். அவர் 'லாம்' என்றுதான் சொன்னார். அதற்குள் நீ, "ஓட்டத் தெரியாதவ கையில குடுத்தா இப்படித்தான். அவகிட்ட இருந்து சாவிய வாங்கி வைங்கம்மா" என்றாய். போன் ஸ்பீக்கரில் இருந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகளை அந்தக் காரில் ஏற்றி இறக்கித்தான் உன் தங்கை தன் பிள்ளைகளை வளர்க்கிறாள். சாவியை ஜன்னலில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள் அந்தச் சாவியை நானே எடுத்து அவள் கையில் கொடுத்தேன், அவள்தான் காரை ஷெட்டுக்கு ஓட்டிப் போனாள். பிரிப்பதற்கு முன்னால் மெக்கானிக் ஒவ்வொரு சிலிண்டரிலும் பிரஷர் மீட்டர் வைத்துப் பார்த்தாராம், எல்லாம் நன்றாகவே இருந்ததாம், ரிங் போயிருந்தால் இப்படி இருக்காதே என்று தலையைச் சொறிந்தாராம். இஞ்சின் ஆறினதும் உன் தங்கை குச்சியை உருவிப் பார்த்திருக்கிறாள். மேல் கோட்டுக்கும் மேலே ஒரு விரற்கடை ஆயில்! ஷெட்டுத் தரை மட்டமான தரை. நம் வாசலில் கார் மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது, ஆயில் பின்பக்கம் போய்விடுகிறது, முன்னால் இருக்கிற குச்சி குறைவாகக் காட்டிப் பொய் சொல்கிறது, அதை நம்பி அப்பா ஊற்றிக்கொண்டே இருந்திருக்கிறார். மிஞ்சின ஆயிலை இஞ்சின் உள்ளே இழுத்து எரித்ததுதான் அந்தப் புகை. அளவாக மாற்றி ஊற்றின பிறகு புகையே இல்லை. இனிமேல் தெருவில் மட்டமாக நிறுத்தித்தான் பார்ப்பது.

அந்தச் சரிவு யார் போட்டது? போன தடவை வந்தபோது மழைத் தண்ணீர் உள்ளே வருகிறது என்று நீ நின்று சிமெண்ட் போட வைத்தாய். சாம்பல் கலர்ச் சட்டை போட்டிருந்தாய். இவ்வளவு சரிவு வேண்டாமடா என்றேன், உங்களுக்கு ஒன்றும் தெரியாது என்றாய்.

அப்பா அன்றைக்கே அவளிடம் போய்த் தன் மேல்தான் தப்பு என்று சொல்லிவிட்டார், அவரை விட்டேன். மெக்கானிக்கையும் விட்டேன். தலையணை உறையைக்கூட விட்டேன். நீ நோய்நொடி இல்லாமல் நன்றாக இரு, குளிரில் காதை மூடிக்கொண்டு போ. அவளுக்குப் போன் செய். ஸ்பீக்கரில் போடச் சொல்லிவிட்டுப் பேசு, டெய்லரையும் கூப்பிட்டு நிற்க வைக்கிறேன். அதுவரைக்கும் நான் மன்னிக்காத ஆள் ஒருத்தன்தான், என் மூத்த மகன்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்