முழங்கையால் ஓடும் கிரைண்டர்

என் ஜெசி அக்காவுக்கு,

ஜெயிச்சுட்டோம் அக்கா! முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன், உனக்குத்தான் சஸ்பென்ஸ் பிடிக்காதே. யூடியூப் பார்த்தே எல்லாம் படித்த உன் தம்பி வடிவமைத்த மாவு கிரைண்டர், பீளமேட்டுப் பட்டறையிலிருந்து கடைகளுக்குப் போகப்போகிறது.

முதல் மாதிரி ஞாபகம் இருக்கிறதா? டச் ஸ்க்ரீன், நீல வெளிச்சம், நான் இரவும் பகலும் கொஞ்சிய செல்லம். துடியலூர் சரோஜாம்மா வீட்டிலும் இன்னும் மூன்று வீடுகளிலும் இரண்டு வாரம் ஓட்டிப் பார்க்கக் கொடுத்துவிட்டு, உன் ஸ்கூட்டரில் கருத்துக் கேட்கப் போனோம். நல்லா இருக்குதுங்களா என்றேன். நல்லா இருக்குதுங்க என்றார் சரோஜாம்மா. மற்ற மூன்று வீடுகளிலும் அதே பதில், அதே காபி. நான் மிதந்தேன்.

திரும்பும்போது நீ வண்டியை ஓரங்கட்டினாய். "ஏன்டா, நம்மூர்ல மூஞ்சிக்கு நேரா யாரு நல்லால்லைன்னு சொல்லுவாங்க? நீ ஹால்ல முறுக்குத் தின்னுட்டிருந்த. நான் அடுப்படில நின்னேன். மாவுக் கையோட தொட்டா உன் ஸ்க்ரீன் வேலையே செய்யல. சீலையில தொடச்சுத் தொடச்சு, பாவம், சரோஜாம்மாவுக்கே அலுத்துப்போச்சு."

உனக்கு டிசைன் தெரியுமா என்று கத்தினேன். அடுத்த வாரமே நீ ஒரேயடியாகப் போய்விட்டாய். அதற்குள் மன்னிப்புக் கேட்டிருந்தால் சிரித்திருப்பாயா, தலையில் குட்டியிருப்பாயா?

ஸ்க்ரீனைக் கழற்றி எறிந்தேன். பக்கவாட்டில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சுவிட்ச் வைத்தேன், முழங்கையால் தட்டினாலே ஓடும். இதுவும் தேறாவிட்டால் என்னை நம்பிப் பயனில்லை, பட்டறையில் வழக்கமாகச் செய்யும் மாடலுக்கே போய்விடுவதாக முதலாளி சொல்லிவிட்டார். அவரையும் கூட்டிக்கொண்டு நேற்று சரோஜாம்மா வீட்டுக்குப் போனேன்.

இந்த முறை ஒன்றுமே கேட்கவில்லை அக்கா. நீ நின்ற அடுப்படியிலேயே போய் நின்றேன். சரோஜாம்மாவுக்குக் கை இரண்டும் மாவு. அவர் மருமகளைப் பற்றிப் பேசிக்கொண்டே முழங்கையால் ஒரு தட்டுத் தட்டினார். நின்றது. மாவை வழித்துத் தள்ளிவிட்டு இன்னொரு தட்டு. ஓடியது. சுவிட்ச் பக்கம் அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை!

பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார். "தம்பி, இப்பச் சொல்லலாமுங்களா? அந்த மொதல் மெசின் எனக்குச் சுத்தமா ஒத்துவரலீங்க. நீங்க ஆசையாக் கேட்டீங்க, சங்கட்டமாப் போச்சு. சொல்லாம உட்டுப்போட்டேன்."

முதலாளி விழுந்து விழுந்து சிரித்தார். அங்கேயே சரி என்றார். நான் வெளியே ஓடிவந்து உன் ஸ்கூட்டர் சீட்டில் முகம் வைத்துக்கொண்டேன்.

இனி எந்த வீட்டுக்குப் போனாலும் ஹாலில் உட்கார மாட்டேன் அக்கா. முறுக்கு தந்தால், நின்றுகொண்டே தின்பேன்.

உன் ஸ்கூட்டரின் பின்சீட்டிலிருந்து முன்சீட்டுக்கு வந்துவிட்ட தம்பி,
ஆல்வின்