பயிற்சிக்கு எழுதிய ராஜினாமா

அனுப்புநர்:
எட்டாம் வட்ட உறுப்பினர் (ராஜினாமா செய்துவிட்டதாகச் சொல்லப்படுபவர்),
மருத்துவமனைச் சலவைக் கூடத்தில் துணி மடிப்பவர்,
குழாயடிச் சந்து, கடைசி வீடு.

பெறுநர்:
மேற்பார்வை அதிகாரி அவர்கள்,
நகர மன்றங்களின் நிர்வாக அலுவலகம்,
இரண்டாம் மாடி.

பொருள்: ‘வளரும் தலைவர்கள்’ பயிற்சியில் நான் எழுதிய மாதிரிக் கடிதத்தை உண்மையான ராஜினாமாவாக ஏற்றதும், நலமாக இருந்த என் கணவரைப் படுக்கையில் போட்டதும் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மனுவில் முதலில் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ள வேண்டும், அழக்கூடாது, சுற்றி வளைக்கக்கூடாது என்று பயிற்சியில் சொல்லித் தந்தார்கள். நான் ஒரு நாளைக்கு நானூறு படுக்கை விரிப்புகளை மடிப்பவள். சென்ற ஆண்டு நகர மன்றம் நடத்திய பயிற்சிக்கு எங்கள் சந்திலிருந்து நானும் அடுத்த வீட்டுத் தையல்காரம்மாவும் போனோம். பத்து நாள், இருபத்திரண்டு பெண்கள். தேர்தலில் நிற்பது, கூட்டத்தில் எழுந்து பேசுவது, எதையும் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்திடுவது எல்லாம் பாடம். அந்தக் கடைசிப் பாடத்தை நான் ஒழுங்காகப் படித்துத் தொலைத்துவிட்டேன். வந்த வினையெல்லாம் அதனால்தான்.

2. பயிற்சி நடத்தியவரை மைக் சார் என்போம். சின்ன அறையிலும் மைக்கைக் கீழே வைக்க மாட்டார். அவர் மன்றத் தலைவரின் மனைவிக்குத் தம்பி என்பது எங்களுக்கு அப்போதே தெரியும். தெரிந்தும் அதைப் பொருட்படுத்தாதது எங்கள் புத்திக்குறைவு. ஏழாம் நாள் கடிதம் எழுதும் வகுப்பு. விடுப்பு, புகார், நன்றி எல்லாம் முடிந்து கடைசியாக ராஜினாமா. “பதவிக்கு வர்றது மட்டும் இல்லம்மா, மரியாதையா வெளியே போகவும் தெரிஞ்சிருக்கணும்” என்றார். அவரவர் வட்டத்தின் உறுப்பினர் என்றே கையெழுத்துப் போடச் சொன்னார். தேதியை மட்டும் விட்டுவிடுங்கள், பயிற்சிதானே என்றார். காரணம் மட்டும் யாரும் மறுத்துப் பேச முடியாததாக இருக்க வேண்டுமாம்.

3. எனக்கு வேறு காரணம் தோன்றவில்லை. வீட்டில் கல்லுக்குண்டு மாதிரி இருந்த மனிதரை நினைத்து, “என் கணவர் பக்கவாதம் வந்து படுத்த படுக்கையாகிவிட்டபடியால்” என்று எழுதினேன். மைக் சார் அதை மைக்கில் படித்துக் காட்டினார். எல்லோரும் கைதட்டினார்கள். ‘சிறந்த கடிதம்’ என்று சான்றிதழ் வேறு கொடுத்தார்கள். அதன் நகலை இணைத்துள்ளேன். வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னபோது, “அடிப்பாவி, நல்லா இருக்கிறவனை இப்படிப் படுக்கப் போட்டுட்டியே!” என்று சிரித்துவிட்டு இன்னொரு தட்டுச் சோறு கேட்டார்.

4. தேர்தலில் முப்பத்தொரு ஓட்டில் வென்றேன். எங்கள் சந்தில் அறுபத்து நான்கு வீடுகளுக்கு இரண்டே கழிப்பறைகள். ஒன்றுக்குக் கதவில்லை. ஒரு பெண் உள்ளே போனால் இன்னொரு பெண் துணியை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அதற்காகத்தான் நான் நின்றேன், அதற்காகத்தான் ஓட்டுப் போட்டார்கள். சந்துக்கோடியில் புதுக் கழிப்பறைக்கு ஒதுக்கிய இடத்தைத் தலைவரின் லாரிகள் நிற்பதற்குக் கொடுக்கும் தீர்மானம் என் முன்னே வந்தது. படித்துப் பார்த்தேன். கையெழுத்திட மாட்டேன் என்றேன். தலைவர் கோபப்படவே இல்லை. “நல்லாப் படிச்சிருக்கீங்கம்மா, நம்ம மச்சான் பாடம் நடத்தினா இப்படித்தான்” என்று எனக்குத் தேநீர் வரவழைத்துக் கொடுத்தார். மூன்றாம் நாள் மன்றத்தின் அறிவிப்புப் பலகையில் என் ராஜினாமாவை ஒட்டியிருந்தார்கள். கையெழுத்தும் காரணமும் என்னுடையவை. தேதியை மட்டும் வேறு பேனா எழுதியிருந்தது.

5. என் கணவர் பதினான்கு வருடமாகப் பள்ளி வேன் ஓட்டியவர். பலகையைப் பார்த்த பள்ளிக்காரர்கள், “கைகால் விழுந்தவரை நம்பிப் பிள்ளைங்களை எப்படி ஏத்துறது?” என்று வேன் சாவியை வாங்கிக்கொண்டார்கள். ஐயா, நாற்பத்தெட்டு வயது மனிதர் பள்ளி வாசலில் வேனைச் சுற்றி இரண்டு முறை ஓடிக் காட்டினார். பிள்ளைகள் சன்னல் வழியாகப் பார்த்துச் சிரித்தார்கள். “சிலருக்குக் கடைசி நேரத்துல இப்படித்தான் தெம்பு வரும்” என்றாராம் வாசல் காவலாளி. உறவுக்காரர்கள் பழத்தோடு பார்க்க வந்தார்கள். கதவைத் திறந்ததே அவர்தான் என்றதும் ஏமாந்த முகத்தோடு திரும்பிப் போனார்கள். சிலர் பழத்தையும் எடுத்துக்கொண்டு போனார்கள்.

6. மன்ற அலுவலகத்தில் போய் முறையிட்டேன். தலைமை எழுத்தர் மிகப் பொறுமையாக விளக்கினார். “உங்க வீட்டுக்காரர் நல்லா இருக்கார்னா, நீங்க மன்றத்துக்குப் பொய் எழுதிக் கொடுத்திருக்கீங்க, வழக்கு வரும். உடம்பு முடியலைன்னா ராஜினாமா செல்லும். எதுன்னு வீட்ல பேசி முடிவு பண்ணிட்டு வாங்க.” வீட்டுக்கு வந்து சொன்னேன். கணவர் போய்ப் படுத்துக்கொண்டார். அப்போது பகல் பதினொரு மணி. அன்று முதல் பெரும்பாலும் படுத்தேதான் இருக்கிறார். உடம்பில் ஒரு கோளாறும் இல்லை என்கிறார் மருத்துவர். கைதட்டு வாங்க நான் எழுதிய வரி என் வீட்டிலேயே பலித்துக்கொண்டிருக்கிறது. இதை எழுதும்போது அழக்கூடாது என்ற விதியை என்னால் காப்பாற்ற முடியவில்லை, மன்னிக்கவும்.

7. காலியானதாகச் சொல்லப்படும் என் இடத்துக்கு அடுத்த மாதம் இடைத்தேர்தல். தையல்காரம்மா நிற்கிறார். கழிப்பறையை விட்டுவிடாதே என்று நிற்கச் சொன்னதே நான்தான். எதிர்த்து நிற்க ஆளில்லை, தலைவரும் யாரையும் நிறுத்தவில்லை. ஏன் நிறுத்தவில்லை என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. அன்று வகுப்பில் என் கடிதத்துக்குக் கைதட்டி முடிந்ததும் மைக் சார் பக்கத்திலிருந்த தையல்காரம்மாவிடம், “இதைவிட வலுவா ஒண்ணு எழுதுங்க பார்ப்போம்” என்றார். அவரும் விளையாட்டாக எழுதினார். “என் ஒரே மகள் இறந்துவிட்டபடியால்.” கையெழுத்து இருக்கிறது, தேதி இல்லை. அந்தப் பெண் மூன்றாம் வகுப்புப் படிக்கிறாள். இதோ, நான் எழுதிக்கொண்டிருக்கும் சன்னலுக்கு வெளியேதான் கயிறு தாண்டிக்கொண்டிருக்கிறாள்.

8. என் வீட்டில் நடந்ததைத் தையல்காரம்மா தினமும் பார்க்கிறார். நேற்று என்னிடம் வந்து, “அக்கா, எதை நீட்டினாலும் கையெழுத்துப் போட்டுடுவேன். புள்ளை விஷயம். நான் படிச்சே பார்க்க மாட்டேன்” என்றார். நான் அவரைத் திட்டவில்லை.

9. என் பதவியைத் திருப்பித் தந்தால் நன்றியுடையவளாக இருப்பேன். என் கணவர் நலமாக இருக்கிறார் என்று அதே பலகையில் ஒரு தாள் ஒட்டினால் அவர் எழுந்து உட்காரக்கூடும். இரண்டுக்கும் நாளாகும் என்றால், மைக் சார் வைத்திருக்கும் மற்ற இருபத்தொரு கடிதங்களையாவது உடனே கைப்பற்றி எழுதியவர்களிடம் கொடுத்துவிடுங்கள். தையல்காரம்மாவின் கடிதத்தை முதலில் கொடுங்கள். அது கைக்கு வந்துவிட்டால் அவர் மறுபடியும் படித்துப் பார்ப்பார்.

இந்த மனுவில் தேதியைத்தான் முதலில் எழுதினேன். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு எழுதியவை.

தேதி: பதினான்கு, திங்கட்கிழமை
இடம்: குழாயடிச் சந்து

தங்கள் நடவடிக்கைக்குக் காத்திருக்கும்,
(கையெழுத்து)
எட்டாம் வட்ட உறுப்பினர்

இணைப்பு: ‘சிறந்த கடிதம்’ சான்றிதழின் நகல், ஒன்று.