பூட்டுப் போட்ட போனும் உன் பட்டப்பெயரும்

அடியே, பேனர் மை வாசனை இன்னும் கையை விட்டுப் போகவில்லை. இன்று காலையில்தான் உன் முதலாம் ஆண்டு நினைவஞ்சலி பேனரைத் திருவொற்றியூரில் நம் தெருமுனையில் கட்டினோம். நம் ஊர்ப்பக்கம், செத்தவர் படத்துக்குக் கீழே பட்டப்பெயர் இல்லாவிட்டால் எவன் நின்று பார்க்கிறான்? உன் தம்பியோ, "அது மட்டும் வேணாங்க்கா, மானம் பூடும்" என்று காலில் விழாத குறையாகக் கெஞ்சினான்.

அவனைச் சொல்லிக் குற்றமில்லை. சாகிறவரைக்கும் உன்னைப் 'போன் திருடி' என்றுதானே கூப்பிட்டது இந்தத் தெரு!

நாம் இருவரும் அண்ணாச்சியின் மளிகைக் கடையில் பருப்புப் பொட்டலம் கட்டிய காலம் அது. மாதம் நிறையும் முன்பே எனக்கு வலி கண்டுவிட்டது. அண்ணாச்சி கொள்முதலுக்குப் போயிருந்தார். போனின் டயலில் அவர் போட்ட குட்டிப் பூட்டு. நீ ரிசீவரை எடுத்து, அது உட்காரும் கொக்கியைத் தட்ட ஆரம்பித்தாய். டயலைச் சுழற்றாமலே எண் போக, ஐந்துக்கு ஐந்து தட்டு, சுழிக்குப் பத்து. உன் மீஞ்சூர்க்காரனோடு ஓசியில் பேசிப் பழகிய விரல் அல்லவா? "கத்தாதடி, எண்ணிகினு கீறேன்ல, தப்பிடும்!" என்று என்னையே அதட்டினாய். ஆஸ்பத்திரி வண்டி வந்தது. என் மகள் பிழைத்தாள்.

பூட்டு அப்படியே இருக்க எப்படிப் பேசினாய் என்று அண்ணாச்சி கேட்டபோது வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம் நீ. பெருமையாகத் தட்டிக் காட்டினாய். வேலை போனது, பெயர் ஒட்டிக்கொண்டது.

அந்த மகள்தான் இப்போது ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டர்களுக்குள் திருடர் நுழையாமல் காவல் காக்கிறாள். பேனர் சண்டையைக் கேட்டதும் சிரித்துவிட்டாள்.

"கம்ப்யூட்டர நோண்டி நோண்டி அது எப்டி ஓடுதுன்னு கண்டுபுடிக்கிறவங்க ஹேக்கர்மா. கெடுக்கணும்னே ஒடச்சிகினு உள்ள போறவன் கிராக்கர். போன் லைன்ல வேல காட்றவங்க ஃப்ரீக்கர். உலகம் பூரா இருந்தாங்க. பெரிம்மாவும் அதான்!"

போட்டேன் பார்! உன் பெயரைவிடப் பெரிய எழுத்தில், 'ஃப்ரீக்கர்' என்று. உன் தம்பி விசிலடித்தான்.

அண்ணாச்சியும் தடியூன்றி வந்து நின்றார். "அது என்ன பேரும்மா?" என்றார். நான் மகளை இழுத்து அவர் முன்னால் நிறுத்தினேன்.

"உங்க பூட்டத் தாண்டி இவள இந்த உலகத்துக்கு இட்டாந்தவள்னு அர்த்தம், அண்ணாச்சி."

அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நல்லாப் பெருசாத்தான் போட்டிருக்கீய" என்று சொல்லி, செருப்பைக் கழற்றிவிட்டு உன்னைக் கும்பிட்டார். ஜெயித்துவிட்டாயடி!

அந்த ஆஸ்பத்திரி எண் இப்போது யாருக்கும் போகாது. எல்லோரும் கலைந்த பிறகு, பேனர் கட்டிய சவுக்குக் கட்டையில் அதை முழுவதும் தட்டிப் பார்த்தேன். ஒன்றுகூடத் தப்பவில்லை.