உங்கள் மகனின் குரலில்

அக்கா,

நேற்று காலை ஆரம்பாக்கம் ரயில்வே ஸ்டேஷனுக்கு வண்டியில் போகும்போது சாலையோரத்தில் ஒரு நெற்குவியலை ஃப்ளெக்ஸ் போட்டு மூடியிருந்தார்கள். பருவம் தப்பிய மழை. ஃப்ளெக்ஸின் வெள்ளைப் பக்கம் மேலே இருந்தது. காற்றில் ஒரு மூலை மடங்கியபோது உள்பக்கம் தெரிந்தது. பச்சைச் சட்டை, தோள்பட்டை, அதன் கீழே 'வீர' என்று இரண்டு எழுத்து. அந்த எழுத்து வடிவத்தை எங்கே பார்த்தாலும் எனக்கு அடையாளம் தெரியும். தேர்ந்தெடுத்தவளே நான்தானே. வண்டியை நிறுத்திவிட்டேன்.

நெல்லுக்குக் காவல் இருந்த அம்மா, "இன்னாம்மா அப்பிடிப் பாக்கற? நல்லா தடிமனா கீது, ஒரு சொட்டு எறங்காது" என்றார். யாரோ கழற்றிப் போட்டிருந்ததை எடுத்து வந்தாராம். அதைத் திருப்பிக் கேட்கலாமா என்று நினைத்தேன். என்ன சொல்லிக் கேட்பது? ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு கிளம்பிவிட்டேன். அப்புறம் கடையில் நாள் முழுக்க உட்கார்ந்தும் ஒரு வேலை ஓடவில்லை. அதனால் இதை எழுதுகிறேன். நீங்கள் படிக்கப் போவதில்லை என்ற தைரியத்தில் எழுதுகிறேன் என்றும் வைத்துக்கொள்ளலாம்.

உங்கள் வார விடுமுறை நாட்கள் நினைவுக்கு வருகின்றன. இரும்பு உருக்கிக் கம்பி செய்யும் கம்பெனியில் ஆறு நாள் துடைப்பம் பிடித்துவிட்டு, ஏழாம் நாள் கும்மிடிப்பூண்டி பஜாருக்கு வந்தால் காய் வாங்குகிறீர்களோ இல்லையோ, என் பிரிண்டிங் கடையில் அரை மணி நேரம் உட்காராமல் போக மாட்டீர்கள். ஒரே தெருவில் இரண்டு வீடு தள்ளி இருக்கிறோம், அங்கே பேச நேரமில்லை, இங்கேதான் பேச்செல்லாம். சுவரில் காய்ந்துகொண்டிருக்கும் கண்ணீர் அஞ்சலி பேனர்களைப் பார்த்து, "இன்னாடி விமலா, உங்கடையில செத்தவங்க எல்லாம் சிரிச்சுக்கினே கீறாங்க?" என்பீர்கள். கல்யாணத்தில் எடுத்த போட்டோவைத்தான் எல்லோரும் கொண்டு வருகிறார்கள், நான் என்ன செய்வது என்பேன்.

உங்கள் மகன் சாமுவின் படத்தையும் அப்படி ஒரு விடுமுறை நாளில்தான் கொண்டுவந்தீர்கள். பயிற்சி முடிந்து சீருடையில் எடுத்த முதல் படம். நம் தெருவிலிருந்து பட்டாளத்துக்குப் போன முதல் பையன் அவன். பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கொடுத்தேன். நீங்கள் அதை மடியில் வைத்துக்கொண்டு, "எங்கப்பன் காலம் பூரா எவன் கழனியிலயோ குனிஞ்சான். எம்புள்ள நிமுந்து நிக்கறான் பாரு" என்றீர்கள். அந்தப் படம் என் கம்ப்யூட்டரிலேயே தங்கிவிட்டது.

அப்புறம் சண்டை வந்தது. வடக்கே எல்லையில் சில நாட்களே நடந்த சண்டை, ஆனால் நம் ஊர் டீக்கடையில் அது மூச்சு விடாமல் நடந்தது. ஒரே லாரி மூன்று சேனலில் மூன்று ஊரில் எரிந்தது. ஆந்திராவுக்கு லோடு ஏற்றிப் போகும் டிரைவர்கள் டீ குடிக்க நின்ற நேரத்தில், அடுத்த குண்டை எந்த ஊரில் போடவேண்டும் என்று முடிவு சொல்லிவிட்டுப் போனார்கள். நானும் சளைத்தவள் இல்லை. கடை வாசலில் கொடி கட்டினேன், கொடி பிரிண்டுக்குக் காசு வேண்டாம் என்றேன். சாமுவின் போன் அணைந்து நான்கு நாள் ஆகியிருந்தது. தெருவிலேயே நீங்கள் ஒருவர்தான் டிவி பார்க்கவில்லை. "எம்புள்ள எங்க கீறான்னு எனக்கே தெரியாது. அந்தக் கோட்டு போட்டவனுக்கு இன்னா தெரியும்?" என்று கேட்டுவிட்டு ஷிப்டுக்குப் போனீர்கள்.

அந்த வாரத்தில் என் போனுக்கு ஒரு செய்தி வந்தது. ராணுவ வீரர்களின் வீட்டுப் போன் எண்களெல்லாம் எதிரி கையில் சிக்கிவிட்டனவாம். கம்ப்யூட்டரில் மகனின் குரலையே செய்து அம்மாவுக்குப் போன் போடுவார்கள். பதில் பேசினால் மகன் இருக்கும் இடம் தெரிந்துவிடும், அங்கே குண்டு விழும். யார் எழுதியது, எங்கிருந்து வந்தது, ஒன்றும் பார்க்கவில்லை. இதை இன்னும் நன்றாகச் செய்யலாமே என்றுதான் தோன்றியது. சிவப்புப் பின்னணி, வெள்ளை எழுத்து, ஓரத்தில் கொடி. 'எதிரி உங்கள் மகனின் குரலில் பேசுவான்' என்ற தலைப்பும் நான் வைத்ததுதான். படமாக்கித் தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பினேன். மாலைக்குள் அது பொன்னேரி தாண்டிப் போய்விட்டது. பள்ளிப்பட்டில் இருக்கும் என் நாத்தனார் அதை எனக்கே அனுப்பி, ஜாக்கிரதையாக இருக்கச் சொன்னாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை அக்கா. நாட்டுக்கு நானும் ஏதோ செய்துவிட்டேன் என்று இருந்தது.

உங்களிடம் இருந்தது பட்டன் போன். அதனால் தாளில் பிரிண்ட் எடுத்து வீட்டுக்கே வந்து படித்துக் காட்டினேன். "பெத்தவளுக்குக் கொரல் தெரியாதா?" என்றீர்கள். "தெரியும்னுதான்க்கா அதையே செய்யறாங்க" என்றேன். நீங்கள் தாளை நான்காக மடித்து பைபிளுக்குள் வைத்தீர்கள்.

இரண்டு நாள் கழித்து ஒரு பட்டியல் வந்தது. வீரமரணம் அடைந்தவர்கள் என்று ஒன்பது பெயர். ஆறாவது பெயர் சாமுவேல், திருவள்ளூர் மாவட்டம். ஊர் இல்லை, படைப்பிரிவு இல்லை. ஒரு சேனல் அதைக் கேள்விக்குறி போட்டு ஓடவிட்டது. கேள்விக்குறியை யார் படிக்கிறார்கள்? முற்பகல் பதினொரு மணிக்கு ரமேஷ் நம் தெரு ஆட்கள் மூன்று பேருடன் கடைக்கு வந்தான். வார்டு தேர்தலுக்கு நிற்க ஆசைப்படுகிறவன், அவனை உங்களுக்குத் தெரியும்.

"பத்துக்கு எட்டடி பேனரு. ஒரு மணிக்குள்ள வேணும்க்கா. எதிரா நிக்கறவனுங்க வெக்கறதுக்குள்ள நாம வெச்சுடணும்."

"நெசந்தானாடா?"

"டிவிலயே வந்துக்கினு கீது. இன்னும் இன்னா நெசம்?"

"அக்காவுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சிருக்கும்க்கா. சர்ச்சுல சொல்லியிருப்பாங்க."

பிறகு சர்ச்சில் கேட்டால், தெருவில் சொல்லியிருப்பார்கள் என்று நினைத்தார்களாம். சாவுச் செய்தியை முதலில் சொல்லும் வாயாக இருக்க யாருக்கு மனம் வரும்? ஆனால் பேனர் வைக்க யாருக்கும் தயக்கமில்லை. நம் பக்கத்தில் மூச்சு நின்ற இரண்டு மணி நேரத்தில் முச்சந்தியில் பேனர் நிற்கவேண்டும், இல்லையென்றால் செத்தவனுக்கு மரியாதை இல்லை. போட்டோ என்னிடமே இருந்தது. பக்கத்தில் ஒரு விளக்கு, மேலே தேசியக் கொடி, கீழே ரமேஷின் கூப்பிய கை. அழுதுகொண்டேதான் செய்தேன். உங்கள் எண்ணுக்கு ஒரு முறைகூட அடிக்கவில்லை.

கம்பெனி கேட்டில் போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள், ஷிப்ட் முடிந்துதான் தருவார்கள். அன்றைக்கு பஸ்ஸில் ஏறியதும் மற்ற பெண்களெல்லாம் போனைப் பார்த்திருக்கிறார்கள், பார்த்துவிட்டு ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. "எல்லாம் அசந்து போயி கீதுங்கன்னு நெனச்சேன்டி. நாந்தான் ஊர்க்கதை பேசிக்கினு வந்தேன்" என்று பிற்பாடு சொன்னீர்கள்.

மனம் கேட்காமல் கடையைப் பூட்டிவிட்டு, பேனர் கட்டியிருந்த நம் ஊர் முச்சந்தி பஸ் ஸ்டாப்புக்கு வந்தேன். நான் வந்து சேரவும் நீங்கள் இறங்கவும் சரியாக இருந்தது. மகனை அவ்வளவு பெரிதாகப் பார்த்ததும் முதலில் உங்கள் முகம் மலர்ந்தது. அதை நான் பார்த்தேன் அக்கா. விளக்கை அப்புறம்தான் பார்த்தீர்கள். எழுத்துக் கூட்டி முழுதும் படித்தீர்கள், ரமேஷின் பெயர்வரைக்கும். "யார் சொன்னது?" என்று கேட்டீர்கள். எல்லோரும் பேனரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

மறுநாள் பகலில், வீடு கொள்ளாமல் ஆட்கள் இருந்தபோது உங்கள் போன் அடித்தது. தெரியாத எண். எடுத்துக் காதில் வைத்த உங்கள் முகம் வெளுத்தது. இருப்பவர்களில் படித்தவள் என்று போனை என் பக்கம் நீட்டினீர்கள்.

"யம்மா, சாமு பேசறேன். இது வேற ஆளு போனு, ரெண்டு நிமிசந்தான். நல்லா கீறேன்மா. யம்மா, லைன்ல கீறியா?"

சின்னக் குழந்தையிலிருந்து கேட்ட குரல். போனைப் பொத்தவேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. "அப்பிடியே அவன் கொரல்தான்க்கா. அதான் பயமா கீது. கட் பண்ணிடுங்க" என்றேன்.

நீங்கள் போனை வாங்கி, "எம்புள்ளயக் கொன்னுட்டு அவன் கொரல்லயே பேசறியாடா பாவி" என்று சொல்லிவிட்டு வைத்தீர்கள். அது இன்னும் நான்கு முறை அடித்தது. இரண்டு கைக்குள்ளும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அடித்து ஓயும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தீர்கள். அவன் செத்திருந்தால் பேசுவது எதிரி. உயிரோடு இருந்தால், பேசினால் குண்டு விழும். எப்படிப் பார்த்தாலும் நீங்கள் பேச வழியே இல்லை.

நான்காம் நாள் ஸ்டேஷனிலிருந்து ஒரு போலீஸ்காரர் வந்தார். பையன் நலமாக இருக்கிறான், அவன் அதிகாரிகளிடமே கேட்டாகிவிட்டது என்றார். "மனசை ஒடைக்கறதுக்குன்னே எவனோ அனுப்பறதும்மா இதெல்லாம்" என்றார். யார் அந்த எவன் என்று கடைசிவரை தெரியவில்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் என்றார்கள், இந்தப் பக்கம் என்றும் சொன்னார்கள். அவன் எங்கிருந்தாலும் ஒரு பெயரை மட்டும்தான் அனுப்பினான். சட்டம் அடித்தது, கயிறு கட்டியது எல்லாம் நாம்தான். கட்டியவர்களே பேனரை அவிழ்த்தார்கள், அன்றைக்கே வேறு பேச்சுக்குப் போய்விட்டார்கள்.

இப்போது யாராவது அஞ்சலி பேனர் கேட்டு வந்தால் உடலைக் கண்ணால் பார்த்தீர்களா என்று கேட்கிறேன். சிலர் திட்டிவிட்டு அடுத்த கடைக்குப் போகிறார்கள். டீக்கடை டிவி இந்த வாரம் மறுபடியும் கத்த ஆரம்பித்திருக்கிறது. கொடி பிரிண்ட் கேட்டு நேற்றே இரண்டு பேர் வந்துவிட்டார்கள்.

சாமு லீவில் வந்தபோது வாசலிலேயே அவன் முகத்தை, காதை, பின்னங்கழுத்தைத் தடவிப் பார்த்தீர்கள் என்று தெருவில் சொன்னார்கள். நான் அந்த வாரம் முழுக்கக் கடையே கதி என்று கிடந்தேன். அவன் திரும்பிப் போனதும் நீங்களே வந்தீர்கள். "அவங்கிட்ட உம்பேரச் சொல்லல. நீயும் பயந்துக்கினுதான சொன்ன?" என்றீர்கள். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

நேரில் நம்பிவிட்டீர்கள். போனில்தான் முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவன் கூப்பிட்டால் எடுப்பீர்கள், காதில் வைப்பீர்கள், ஒரு வார்த்தை பேச மாட்டீர்கள். "பேசுங்கக்கா, அவன்தான்" என்று நான் கெஞ்சியிருக்கிறேன். "தெரியும்டி. கேட்டுக்கினுதான கீறேன்? நாம்பேசி அவனுக்கு எதுனா ஆயிட்டா?" என்பீர்கள். அந்தப் பக்கம் அவன், சாப்பிட்டாயா அம்மா என்று கேட்டு, கொஞ்சம் பொறுத்து, சாப்பிட்டிருப்பாய் என்று தானே பதிலும் சொல்லிக்கொள்வான். ஐந்து மாதம் இப்படியே போனது. ஒரு நாள் வேலையிடத்தில் மயங்கி விழுந்தீர்கள், பொன்னேரி ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே எல்லாம் முடிந்தது. மறுநாள் சாமு வந்து சேர்ந்தான்.

கல்லறைத் தோட்டத்தில் மண் தள்ளி முடித்து எல்லோரும் கலைந்த பிறகு அவன் என்னிடம் வந்தான்.

"விமலாக்கா, அன்னிக்கு நான் போன் பண்ணப்ப அம்மா பக்கத்துல யாரு இருந்தாங்க? ஒரு பொம்பள 'கட் பண்ணிடுங்க'ன்னு சொன்னாங்க. லீவுல வந்தப்ப கேட்டேன், அம்மா பேரச் சொல்லல. அதுக்கப்புறம் அம்மா எங்கிட்ட போன்ல பேசவே இல்ல. எம்மேல இன்னா கோவம்னே தெரியாம போய்ச் சேந்துடுச்சு."

"ஊடு நெறைய ஆளுங்க தம்பி. யாருன்னு சொல்றது?"

அவன் என் முகத்தையே பார்த்தான். "உங்க கொரல் மாரியே இருந்துச்சுக்கா."

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அடித்திருப்பானோ, காறித் துப்பியிருப்பானோ தெரியாது. ஆனால் உங்களுக்கு அவன்மேல் கோபமே இல்லை, அவனுக்கு ஒன்றும் ஆகிவிடக்கூடாது என்றுதான் வாயை மூடிக்கொண்டீர்கள் என்பது அவனுக்குத் தெரிந்திருக்கும். அதைச் சொல்ல இந்த உலகத்தில் மிச்சம் இருந்தவள் நான் ஒருத்திதான். எனக்குப் பயமாக இருந்தது அக்கா.

"போன்ல கேட்டத வெச்சு ஒருத்தரச் சொல்லக் கூடாது தம்பி" என்றேன். "இப்பல்லாம் எந்தக் கொரலை நம்பறது?"

அவன் தலையை ஆட்டினான். "ஆமாங்க்கா, அதுவும் சரிதான். மன்னிச்சுக்குங்க" என்றான்.

நம்பிவிட்டான் அக்கா. என்னிடமே மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனான். அந்த மன்னிப்பை வைத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.