கைகள் மட்டும் உள்ள பக்கம்

நகரி

அன்புள்ள ரேகாவுக்கு,

நானும் உன் அம்மாவும் சுகம். மஸ்கட் வெயில் உன்னிடமும் மாப்பிள்ளையிடமும் கொஞ்சம் தயவாக இருக்கட்டும். போனில் சொன்னால் பாதியில் உன் அம்மா பிடுங்கிக்கொள்வாள், அதனால் எழுதுகிறேன். திருப்பதி போய் ஸ்டுடியோ பெண் ரேஷ்மாவிடம் உன் கல்யாண ஆல்பத்தின் மாதிரியை வாங்கி வந்தேன். நீ கிளம்பும் முன் அவளோடு உட்கார்ந்து அமைத்தபடியே இருக்கிறது. நான் சரி என்றால் அச்சு.

மதியம் கரண்ட் போனால் தெருவில் தறிச்சத்தம் நிற்கும். அப்போது பிரிக்கிறேன். கனத்த தாள், மெதுவாகத்தான் புரளுகிறது. ஒரு பக்கம் முழுக்க வெண்மை, கீழ் ஓரத்தில் பூச்சடையோடு உன் முதுகு, சின்னதாக. எங்கேயோ நடந்து போகிறாய். அடுத்த பக்கத்தைத் திருப்பப் பயமாக இருக்கிறது. மண்டபத்தில் நான் ஓடிக்கொண்டே இருந்தேன், சாம்பார், பஸ், ஐயர் கேட்ட தேங்காய். உன் கல்யாணத்தை இப்போதுதான் பார்க்கிறேன்.

ஆனால் நேற்று கங்கம்மா அத்தை வந்தாள். என் கூடப் பிறந்தவள், நிலத் தகராறில் பேச்சை விட்டு, உன் கல்யாணத்துக்காகத்தான் மறுபடி வாசல் மிதித்தவள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு தன் முகத்தைத் தேடினாள். இல்லை. ஏண்டா நாகபூஷணம், நான் துன்னுட்டுப் போகத்தான் வந்தனா, இவ்ளோ எடத்த வெள்ளையா வுட்டுக்கீறாங்களே, அதுல என்னை நிக்க வெச்சா ஆவாதா என்றாள். செருப்பைத் தேட ஆரம்பித்துவிட்டாள். இந்தத் தடவை போனால் திரும்ப மாட்டாள் என்று தெரியும். ரேஷ்மாவுக்குப் போன் செய்தேன். கட்டம் கட்டமா எல்லாரையும் போட்டுத் தரேன் அங்கிள், ஆனா ரேகா அழுவாங்க என்றாள். சரி, மாற்று என்று சொல்ல வாயெடுத்தேன்.

அதற்குள் உன் அம்மா ஒரு பக்கத்தைப் பிரித்து அத்தை மடியில் வைத்தாள். தாலி கட்டும் நேரம். முகமே இல்லை. அட்சதை போடும் கைகள் மட்டும், நடுவில் மஞ்சள் அரிசி மழைபோல நிற்கிறது. அத்தை விரலை வைத்துத் தேடினாள். இதோ நான் என்றாள். பச்சை வளையலில் ஊக்கு தொங்குகிறது. ஐயே, ஊக்கோட கீது, அத்த எடுத்துட சொல்லுடா. கொஞ்சம் பொறுத்து, வாணாம் இருக்கட்டும், இல்லன்னா நான்னு எவனுக்குத் தெரியும் என்றாள். காபி குடித்துவிட்டுத்தான் போனாள்.

அவள் போன பிறகு நான் என்னைத் தேடினேன். இடது ஓரம். நைந்த வார் போட்ட என் வாட்ச். எல்லாக் கையும் திறந்திருக்கிறது, என்னுடையது மட்டும் மூடி இருக்கிறது. அட்சதையைப் போட்டுவிட்டால் எல்லாம் முடிந்துவிடும் போலிருந்தது அம்மாடி. ரேஷ்மா காலையில் கேட்டாள், அந்த மூடின கை உறுத்துது அங்கிள், எடுத்துடவா என்று. வேண்டாம், எதையும் மாற்றாதே, அச்சுக்குக் கொடு என்றேன்.

அத்தைக்கு ஞாயிற்றுக்கிழமை ஒரு போன் போடு. தண்ணீர் நிறையக் குடி. இருவரும் நூறாண்டு நன்றாக இருங்கள். இதோ, கையைத் திறந்துவிட்டேன்.

உன் நைனா,
நாகபூஷணம்